சங்கு கொட்டுமா

ஆவடி
18-2-1987

கஸ்தூரிக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. உனக்கும் அதைப் படிக்க மனம் இருக்காது. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

காரியம் முடிந்த மறுநாளே உன் அப்பா வந்து உன்னை அம்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெற்றவர் செய்ததைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் நீ போனபிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். குழாயடியில் கேட்கிறார்கள், ரேஷன் வரிசையில் கேட்கிறார்கள். "உங்க தம்பி பாஸ்கரனுக்கு இன்னாதான் ஆச்சு?" காய்ச்சல் என்று ஒருநாள் படுக்காத பிள்ளை. கல்யாணமாகி ஐந்து மாசம். ஆறு பேராக ராமேஸ்வரம் போனோம். அவனை அந்த ஊரிலேயே எரித்துவிட்டு ஐந்து பேராக ரயிலில் உட்கார்ந்து வந்தோம். இன்னாதான் ஆச்சு என்று எனக்கே தெரியாதபோது நான் அவர்களுக்கு என்ன சொல்ல?

அன்று காலை நானும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் குழந்தை பேபியும் கோயிலில் தீர்த்தமாடப் போனோம். நீங்கள் இருவர் மட்டும் பாம்பன் பக்கம் கடற்கரைக்குப் போகிறோம் என்று பஸ் ஏறினீர்கள். இவ்வளவு தூரம் வந்து தீர்த்தமாடாமல் கிளிஞ்சல் பொறுக்கப் போகிறானே என்று அம்மாவுக்கு வருத்தம். "எனக்கும் சேத்து நீ ரெண்டு வாளி ஊத்திக்கம்மா" என்று சிரித்துக்கொண்டே போனான். ஈரப்புடவையோடு நாங்கள் லாட்ஜுக்குத் திரும்பும்போது வாசலில் போலீஸ்காரர் நிற்கிறார். அதற்கப்புறம் அவனை நான் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், துணி போர்த்தி.

நீ சொன்னது ஒரே வாக்கியம். சங்கு கொட்டிவிட்டது. போலீஸிடமும் அதையேதான் சொன்னாய். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. தேள் கொட்டும், குளவி கொட்டும். சங்கு எப்படிக் கொட்டும் கஸ்தூரி? அன்று காலை லாட்ஜில் நீங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்பதை நான் கவனித்தேன். உங்களுக்குள் என்ன சண்டை? உள்ளதை உள்ளபடி எழுது.

இன்னொன்று. இறந்தவன் குடும்பத்தில் ஒருவருக்கு அவன் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே வேலை தருவார்கள் என்று உனக்குத் தெரியும். உத்தமன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறான். அண்ணன் வேலை தம்பிக்குப் போனால் அம்மாவுக்கும் சோறு. உனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வேண்டுமாம். யோசித்து எழுது.

புஷ்பா

---

அம்பத்தூர்
2-3-1987

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

சண்டையைக் கேட்டீர்கள். எனக்கும் உங்களோடு கோயிலுக்கு வர ஆசை. முதல்முதலாக வந்திருக்கிறோம், தீர்த்தமாடிவிட்டுப் போகலாம் என்றேன். மத்தியானம் கடல் ஏறிவிடும், பாறை முழுகிவிடும், இப்போதே போகவேண்டும் என்றார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அதுதான் சண்டை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டார். தங்கச்சிமடம் தாண்டும்போது பேச ஆரம்பித்துவிட்டோம்.

பாறை என்று தூரத்தில் தெரிந்தது. கிட்டே போனால் எல்லாம் பவளம். எந்தக் காலத்திலோ செத்துக் கல்லாகிப்போன பவளம். தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக, பூக்கோசு மாதிரிச் சுருள் சுருளாக. அவர் அதன்மேல் சட்டையோடு குப்புறப் படுத்துக்கொண்டார். "இதுங்க செத்து எத்தினி ஆயிரம் வருசம் ஆச்சோ, இன்னும் அப்படியே கீது பாரு கஸ்தூரி" என்றார். ஆவடியில் கிணறு தோண்டியபோது கிடைத்த அந்தச் சேற்றுக்கல்லை உங்களுக்குத் தெரியுமே, சிப்பி அச்சு விழுந்தது. அதைக் கையில் எடுத்த நாளிலிருந்து இந்த மாதிரி ஓர் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று இருந்ததாம். ஆவடியே ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று கல்யாணமான மூன்றாம் நாள் என்னிடம் சொன்னவர். அந்தக் காலையைப் போல அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

பொறுக்கியதை எல்லாம் நான் முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் போனேன். உயிருள்ளதை அவர் எடுக்கமாட்டார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பார், உள்ளே அசைந்தால் அங்கேயே வைத்துவிடுவார். முழங்கால் தண்ணீரில் அது கிடந்தது. விரல் நீளம், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கூம்பி. பழுப்பு நிறத்தில் வெள்ளை முக்கோணமாக, பட்டுப்புடவைக் கரையில் நெய்த மாதிரி. வாய் என்று ஒரு கீறல்தான். திருப்பிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. காலி என்று நினைத்து உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் "முள்ளு குத்தினா மாதிரி கீது" என்று கையை உதறினார். உள்ளங்கை நடுவில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. சிரித்தோம். அப்புறம் உதடு மரத்துப்போச்சு என்றார். அப்புறம், "இன்னா நீ ரெண்டா தெரியற" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். மணலில் கிடந்த அந்தச் சங்கின் கூம்பிய முனையிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீண்டு நெளிந்துகொண்டிருந்தது. அவர்தான் பார்த்தார். "உயிரோட கீதுடி. கடல்ல வுட்டுடு" என்றார். புடவை நுனியால் பிடித்து எறிந்துவிட்டேன்.

ரோட்டுக்கு நடக்கும்போது கால் மடங்கியது. மீன் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போன வேன்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டார். இமை தொங்கிவிட்டது. நாக்கு குழறி அப்புறம் பேச்சே இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்திருந்தது அண்ணி. நான் பேசப் பேச என் விரலை அழுத்திக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நான் கூப்பிட்டபோது விரல் அழுத்தவில்லை.

அந்தச் சங்கு எங்கே என்று போலீஸ் கேட்டார்கள். கடலில் என்றேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

இதை அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். கட்டிலுக்கு அடியில் உங்கள் தம்பி சிப்பி சேர்த்துவைத்த பெட்டிகள் இருக்கின்றன. யாராவது இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பினால் போதும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். வேலை விஷயம் பற்றி இப்போது சொல்லத் தெரியவில்லை. நானும் பத்தாவது பாஸ் செய்தவள்தான்.

கஸ்தூரி

---

ஆவடி
20-3-1987

கஸ்தூரிக்கு,

கடிதம் வந்தது. கதை நன்றாகத்தான் எழுதுகிறாய். என் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. நமக்கு மீன் கொண்டுவரும் வேம்புலியம்மாளைக் கேட்டேன். எண்ணூரில் பிறந்தவள், அவள் அப்பன் கடலிலேயே இருந்தவன். கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். "சங்கு ஊதும் தாயி, கொட்டுமா?" என்றாள். பிறகு நான் அழுவதைப் பார்த்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாத சங்கு, ஐந்து மாசம் குடித்தனம் பண்ணிய உனக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் காகிதத்தில் விஷம் என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வந்தது அந்த விஷம்? சங்கு கடலில் போய்விட்டது, எவ்வளவு சௌகரியம். காலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன் என்று நீயே எழுதுகிறாய். என் தம்பி ஒரு வார்த்தை பொறுக்கமாட்டான். சின்ன வயதில் நான் திட்டினால் ராத்திரி சாப்பிடமாட்டான். நீ அவனிடம் என்ன பேசினாய் என்பது உனக்கும் அந்தக் கடலுக்கும்தான் தெரியும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அவனுக்கு ஏதோ மனக்கஷ்டம், பொறுக்காமல் எதையோ சாப்பிட்டுவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அதையாவது ஒரு மனுஷியால் புரிந்துகொள்ள முடியும்.

பெட்டிகளைக் கேட்டாய். செத்த ஜந்துக்களின் கூட்டை வீட்டில் வைக்காதே, குடும்பத்துக்கு ஆகாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டானா? உத்தமனும் என் வீட்டுக்காரரும் போன வெள்ளிக்கிழமை சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டுபோய் பருத்திப்பட்டு ஏரியில் கொட்டிவிட்டு வந்தார்கள். பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். வேண்டுமானால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போ.

கையெழுத்து என்ன ஆயிற்று?

புஷ்பா

---

அம்பத்தூர்
9-8-1987

அண்ணிக்கு,

உங்கள் மார்ச் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும் அளவுக்குக்கூட மரியாதை மிஞ்சியிருக்காது.

மற்றதெல்லாம் இருக்கட்டும், சிப்பி தண்ணீரில் கிடக்கும், ஏரி வற்றினால் யாராவது பார்க்கலாம். அந்தச் சேற்றுக்கல் அப்படியில்லை. அது காய்ந்த களிமண்தான். ஈரம் படக்கூடாதென்று பஞ்சு வைத்து பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் கரைந்திருக்கும். அதில் இருந்த சிப்பி எவ்வளவு காலம் அந்தக் கிணற்றுக்குள் பத்திரமாக இருந்ததோ, உங்கள் வீட்டில் இருக்க முடியவில்லை.

ரசாயனப் பரிசோதனை முடிந்து காகிதம் வந்திருக்கிறது. அப்பா ராமேஸ்வரம் வரை போய் வாங்கிவந்தார். அவர் உடம்பில் பூச்சிமருந்து இல்லை, தூக்கமாத்திரை இல்லை, அவர்களுக்குத் தெரிந்த எந்த விஷமும் இல்லை. நகல் இதனுடன் இருக்கிறது. இல்லை என்று எழுதியிருப்பதால் நான் கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது என்பீர்கள். தெரியும்.

தொழிற்சாலையிலிருந்து விசாரிக்க வந்தவர், பெண்சாதிக்குத்தான் முதல் உரிமை என்றார். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு மனு போயிருப்பதையும் சொன்னார். என்னோடு வாழப் பிடிக்காமல்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று அதில் இருக்கிறதாம். உத்தமன் கையெழுத்து, வாசகம் உங்களுடையது. படித்துக் காட்டியபோது உங்கள் குரலே கேட்டது.

அந்த வேலை எனக்கு வேண்டாம் அண்ணி. தினம் அந்த கேட்டுக்குள் நுழைந்து, பாஸ்கரன் சம்சாரம் வருது பார் என்று நாலு பேர் பேச என்னால் நடக்கமுடியாது. இங்கே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உத்தமன் நன்றாக இருக்கட்டும், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதற்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர் விஷம் குடித்தார் என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்காக இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு மனிதரை, வாழப் பிடிக்காமல் செத்தவர் ஆக்காதீர்கள்.

கஸ்தூரி

---

ஆவடி
3-2-1988

கஸ்தூரிக்கு,

உத்தமனுக்கு ஆர்டர் வந்து ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தான். உனக்குத் தெரிவிக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்காக இந்தக் கார்டு. வருஷத் திதி கொடுத்தாயிற்று. அம்மாவுக்குக் கண்புரை. மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

புஷ்பா

---

அம்பத்தூர்
22-7-1990

அண்ணிக்கு,

உங்கள் கார்டு வந்து இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறேன். எதற்கென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சென்னீர்குப்பத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. கோவிந்தராஜ் என்று பெயர். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சம்சாரம் பிரசவத்தில் போய்விட்டது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்பா, என் காலத்துக்குள் பார்த்துவிடுகிறேன் என்று அழுதார். கோவிந்தராஜ் வந்து பேசினார். பழவேற்காட்டுக்கு மாசம் ஒரு ஞாயிறு தனியாகப் போவேன், சிப்பி பொறுக்குவேன், அதை விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எதற்குப் போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம், அங்கே ஏரிக்கு அடியில் தோண்டி எடுக்கிற பழைய சிப்பியை மலை மலையாகக் குவித்துச் சுண்ணாம்புக்கு எரிக்கிறார்கள், எரிப்பதற்கு முன்னால் உங்கள் தம்பி போய்ப் பொறுக்குவார். இப்போது நான் போகிறேன். கையால் தொடுமுன் குச்சியால் புரட்டிப் பார்க்கிறேன். கோவிந்தராஜ் அதைக் கேட்டுவிட்டு, "போய்ட்டு வாங்க, பொழுதோட வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை உங்களிடம் எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆவணியில் நாள் பார்த்தார்கள். அதற்குள் அவர் அண்ணன் தங்கவேல் ஆவடிக்கு வந்து விசாரித்திருக்கிறார். உங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டிருக்கிறார். போன வாரம் கோவிந்தராஜ் என் கம்பெனி பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். ஆள் வைத்துச் சொல்லியனுப்பாமல் தானே வந்தார், அந்த அளவுக்கு நல்லவர். "முதல் புருஷன் வெசம் குடிச்சுகினு செத்தாராமே. எங்கம்மா பயப்படறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஊட்ல ஒத்துக்கமாட்டேன்றாங்க" என்றார். சங்கு கொட்டிய கதையை அவரிடம் நான் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அன்று தலையாட்டினார். அந்த பஸ் ஸ்டாப்பில் திரும்பவும் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வேலையை எழுதிக் கொடுத்தேன். நான் கேட்டது ஒரு வார்த்தை. அதைக்கூட உங்களால் காப்பாற்ற முடியவில்லை.

கஸ்தூரி

---

ஆவடி
1-8-1990

கஸ்தூரிக்கு,

நான் யாரையும் தேடிப்போய்ச் சொல்லவில்லை. வீடு தேடி வந்து கேட்டார்கள். "எப்பிடி செத்தார்னு எங்களுக்கே தெரியாதுங்க. பொண்ணு சொல்றது நம்பற மாதிரி இல்ல" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய்யா? விஷம் என்று என் வாயால் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஊர் வாயை நான் மூட முடியாது.

நீ உன் கஷ்டத்தை எழுதினாய். என் கஷ்டத்தையும் ஒரு தடவை கேள். எங்கள் அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயசு. அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். எட்டாவதோடு நான் நின்றேன். அவனுக்கு ஊட்டிவிட்டது, ஸ்கூலில் விட்டது, கூட்டி வந்தது எல்லாம் நான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவனையும் கூட வைத்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். இப்போது நீ மறுபடி பூ வைத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் குடித்தனம் பண்ணக் கிளம்பினாய். அவன் இருந்தான் என்பதற்கு என்ன இருக்கிறது? திதிக்கு ஒரு காக்கை.

ஒரு சங்கு கொன்றுவிட்டது என்கிறாய். அதை ஒத்துக்கொண்டுவிட்டு நான் ராத்திரி எப்படித் தூங்குவது? யாரைப் போய்க் கேட்பது?

இனி எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

புஷ்பா

---

ஆவடி
11-3-1996

அன்புள்ள கஸ்தூரிக்கு,

அதே விலாசத்தில்தான் இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். உன் அப்பா தவறிவிட்டார் என்று உத்தமன் சொல்லித்தான் தெரிந்தது. வரமுடியவில்லை. அம்மா 92 கார்த்திகையில் போய்விட்டாள். உனக்குச் சொல்லியனுப்பவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேபி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எல்லா வீட்டிலும் கேபிள் வந்துவிட்டது. ஏதோ இங்கிலீஷ் சேனல், கடலுக்கடியில் படம் பிடித்துக் காட்டினார்கள். நான் அரிசி பொறுக்கிக்கொண்டு அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சங்கு எழுந்து வந்தது. பழுப்பு நிறம், வெள்ளையாக முக்கோணம் முக்கோணமாக. முனையிலிருந்து நூல் மாதிரி ஒன்றை நீட்டியது. பக்கத்தில் ஒரு மீன் சும்மா நின்றுகொண்டிருந்தது. நூல் தொட்டது, அவ்வளவுதான், மீன் அப்படியே விறைத்துப்போனது. சங்கு அதைப் பை மாதிரி வாயைத் திறந்து விழுங்கியது. என் மடியிலிருந்து முறம் கவிழ்ந்தது தெரியவில்லை.

"இன்னா சொல்றான் பேபி, இன்னா சொல்றான்" என்று கேட்டேன். "இது கொட்டினா மனுஷனே செத்துடுவானாம்மா. மருந்தே கிடையாதாம். வலி அவ்வளவா தெரியாதாம், ஒதடு மரத்துப் போயி, அப்புறம் மூச்சு நின்னுடுமாம்" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, மாமா செத்தபோது எட்டு வயசு. நீ எழுதிய அதே வரிசையில் சொன்னாள்.

உன் முதல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்தார். எடுத்துப் படித்தேன். பேபியையும் படிக்கச் சொன்னேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும் கஸ்தூரி? டாக்டருக்கே தெரியவில்லை. வேம்புலியம்மாளுக்குத் தெரியவில்லை. நான் எட்டாவது படித்தவள். வேறு எவளாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். நீயும் அந்தச் சங்கை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் நெஞ்சை அறுக்கிறது. பிள்ளை தானே உயிரை விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அம்மா கண்ணை மூடினாள். இந்தப் படத்தை ஐந்து வருஷம் முன்னால் போட்டிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள்.

பேபி பன்னிரண்டாவது எழுதுகிறாள். காலேஜில் விலங்கியல் படிக்கப்போகிறாளாம். மாமாவைப் பற்றி உன்னிடம் கேட்கவேண்டும் என்கிறாள். எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. இல்லையென்றால் நாங்கள் இருவரும் வருகிறோம். ஆவடியிலிருந்து அம்பத்தூர் எவ்வளவு தூரம், ரயிலேறினால் வந்துவிடலாம். பழசையெல்லாம் விட்டுவிடுவோம்.

உன் அண்ணி,
புஷ்பா

---

அம்பத்தூர்
24-3-1996

அண்ணிக்கு,

விலாசம் அதேதான். நான் எங்கும் போகவில்லை. போகிற இடம் ஒன்று இருந்தது, அது 1990இல் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். அதே கம்பெனியில் இப்போது பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவும் நானும் இருக்கிறோம்.

நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வேறு எவளாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள் என்கிறீர்கள். பேபி நினைக்கவில்லையே. கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே உங்களோடு பேசவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்ததெல்லாம் முதல் நாளிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் டி.வி.யில் சொன்னதும் நம்பிவிட்டீர்கள். உங்கள் தம்பியின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் சொன்னதை நம்பவில்லை. உங்களுக்கு விலங்கியல் தெரியாது என்பதற்காக நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. எனக்கும்தான் தெரியாது.

அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முக்கியமாகப் பதில் எழுதுகிறேன்.

91 ஆடியில் ஒருநாள் சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை நிழலில் மஞ்சள் பையோடு அத்தை உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாமல், வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அத்தை, இங்க எங்க வந்தீங்க?" என்றேன். "உன்னப் பாக்கத்தான். திருவேற்காட்டு கோயிலுக்குப் போறேன்னு சொல்லிகினு வந்தேன்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறவைத்துக் குடித்து முடித்தபிறகுதான் கேட்டார். "எம் புள்ள கடைசியா இன்னா சொன்னான்? புஷ்பா சொல்றது வேற. நீ சொல்லு."

உங்களுக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். வலித்ததா என்று கேட்டார். வலி இல்லை அத்தை, மரத்துப் போனதுதான் என்றேன். எந்த இடம் என்று கையை நீட்டினார். அவர் உள்ளங்கை நடுவில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உயிரோட கீது, கடல்ல வுட்டுடுன்னா சொன்னான்?"

"ஆமாம் அத்தை."

"அது எம் புள்ளதான். குட்டியா இருக்கச்சே ஏரியில நத்த பொறுக்குவான், உயிரோட இருந்தா திரும்பப் போய் வுட்டுட்டு வருவான். அந்தப் பேச்ச நீயா கட்டிச் சொல்ல முடியாது."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அழுதார். நானும் அழுதேன். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஆவடி பஸ் வருகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் வந்தத புஷ்பாவாண்ட சொல்லாத. அவளுக்கு யார் மேலயாவது கோவம் இருந்துகினே இருக்கணும். இல்லன்னா அவ தாங்கமாட்டா. நீ சின்னப் பொண்ணு, நீ தாங்குவே."

உங்கள் கோபத்தை என்னைக் கேட்காமலே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் தலையாட்டிவிட்டு அவரை பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தார். எங்களுக்குள் உங்கள் தம்பியைப் பற்றி மட்டும்தான் பேச்சு, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறு வருஷம் கார்த்திகையில் அத்தை போன செய்தி எனக்கு மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. வந்து வாசலில் நிற்கக்கூட எனக்கு வழியில்லை.

ஆகவே அத்தை தெரியாமல் போனார் என்று நீங்கள் நெஞ்சை அறுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு எல்லாம் தெரியும். உங்கள் வீட்டில், உங்களுக்குப் பக்கத்தில், உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, உங்களிடம் சொல்லாமல் இருந்தார். அவருக்கு நிம்மதி தர டி.வி. வரவேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை கேட்டார், கேட்டதை நம்பினார்.

இதை எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் யோசித்துத்தான் எழுதுகிறேன். அத்தை கேட்டுக்கொண்டதற்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடிந்தது இவ்வளவுதான். இனி அந்தக் கோபத்தை வேறு எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள்.

பழசையெல்லாம் விட்டுவிடுவோம் என்கிறீர்கள். உங்களால் விட முடியும். உத்தமன் வேலையில் இருக்கிறான், பேபி காலேஜுக்குப் போகப்போகிறாள். என்னிடம் இருப்பது பழசு மட்டும்தான். அதை விட்டுவிட்டு நான் கையில் எதை வைத்துக்கொள்வது?

பேபி வரட்டும். அவள் மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். ஆசைப்பட்டால் பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டுகிறேன். ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லுங்கள்.

நீங்கள் வரவேண்டாம்.

கஸ்தூரி